பின்வளவில் சீடரா, பியோனியா: குழி தோண்டும் முன்

மே மாதம் வந்ததும் ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து நகரான மார்க்கத்திலும் பூங்கன்றுக் கடை வாசல்களில் இரண்டு சாமான் வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் சணல் சாக்கில் வேரைக் கட்டிய எமரால்ட் சீடர் (cedar) என்ற வேலி மரம், ஆள் உயரத்தில், பச்சைப் பசேலென்று. மறுபக்கம் சட்டியில் மொட்டோடு பியோனி (peony) என்ற பூச்செடி. புது வீடு வாங்கிய நம்மவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, எதை வைக்கலாம், எது கஷ்டம் இல்லாதது என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஜனவரியில் உங்கள் சமையலறை யன்னலால் பார்த்தால் என்ன தெரிகிறது?

பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு மேசை நேரே தெரிகிறது, உங்கள் மேசை அவர்களுக்குத் தெரிகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது வேலி, அதாவது சீடர். வெறும் ஸ்னோதான் தெரிகிறது, அதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றால் அந்த இடத்தைப் பூவுக்குக் கொடுங்கள். பியோனி நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை மண்ணுக்கு மேலே இருக்கவே இருக்காது. இருந்த இடமே தெரியாமல் போய், ஏப்ரல் கடைசியில் சிவப்பு நிற முளையாக எழும்பி வரும். வருடத்தில் ஐந்து, ஆறு மாதம் வெறுமையாக இருக்கிற இடம் உங்களுக்குச் சரிதானா என்பதை மேயில் கடையில் நின்று முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் மேயில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், நம் ஆட்கள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான். ஊரில் வேலி என்றால் கதியால். கிளுவை, பூவரசு, முள்முருங்கைத் தடிகளை வெட்டி மழைக்கு முன் நட்டால் மாரியில் வேர் விடும், பிறகு வருடா வருடம் மொட்டையாகத் தறித்துக் குழையை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போட்டாலும் அடுத்த மழைக்குத் திரும்பத் துளிர்த்து நிற்கும். அந்தக் கை இன்னும் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கையோடு சீடரைத் தறித்தால் வேலி போய்விடும். சீடரில் பச்சை இருக்கும் மட்டும்தான் வெட்டலாம், உள்ளே இலை இல்லாத பழுப்புக் கொப்பு வரை வெட்டினால் அந்த இடத்தில் திரும்பத் துளிர் வராது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். பியோனியையோ ஒக்டோபரில் நிலத்தோடு வெட்டிவிட வேண்டும், அடுத்த வருடம் இன்னும் தடிப்பாக வரும். கதியாலின் குணம் இங்கே பூச்செடிக்குத்தான் இருக்கிறது, வேலிக்கு இல்லை. பின்னால் நான் சொல்லப் போகிற தண்ணீர், வெட்டு, இடம் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் வருகின்றன.

எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள்

கனடாவில் சீடர் என்று சொல்வது உண்மையான தேவதாரு இனம் இல்லை, துஜா என்ற வேறு இனம். ஒன்ராறியோவின் சொந்த மரம் அது. நயாகரா மலைச்சரிவின் செங்குத்துப் பாறைகளில் ஆயிரம் வருடத்தைத் தாண்டிய குள்ளச் சீடர்கள் இன்னும் உயிரோடு நிற்கின்றன, மண் இல்லாத வெடிப்பில் வேரை விட்டுக்கொண்டு. இதைக் கேள்விப்பட்டுவிட்டு, சீடர் எதையும் தாங்கும் என்று நினைத்து நட்டால் ஏமாறுவோம். பாறையில் நிற்கும் மரம் விதையில் இருந்து அந்த இடத்துக்கே பழகி வளர்ந்தது, உங்கள் காரில் வந்தது பண்ணையில் வளர்ந்து, தோண்டும்போது வேரில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வந்த மரம். முதல் இரண்டு வருடம் அது கைக்குழந்தை மாதிரி.

எமரால்ட் என்பது டென்மார்க்கில் தெரிந்தெடுத்து வளர்த்த வகை. 3 முதல் 4.5 மீட்டர் வரை உயரும், அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டரோடு நின்றுவிடும், வருடத்துக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. வெட்டாமலே கூம்பு வடிவில் நிற்பதால்தான் எல்லாரும் அதை வாங்குகிறார்கள். பிளாக் சீடர் என்று விற்பது இன்னும் வேகமாக எழும்பும், பக்கத்துக்கும் பரவும், வருடா வருடம் வெட்ட வேண்டும். வெட்ட நேரம் இல்லாதவர்கள் எமரால்டோடு நின்றுகொள்வது நல்லது. அவசரமாக மறைப்பு வேண்டும், ஏணியில் ஏறி வெட்டவும் ஆள் இருக்கிறது என்றால் பிளாக்.

பியோனியில் நான் சொல்வது தண்டு குளிரில் செத்து, வேர் மட்டும் உயிரோடு இருக்கும் சாதாரண வகை. 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரம், அதே அளவு அகலம். இதன் ஆயுள்தான் எனக்கு ஆச்சரியம்: ஒழுங்கான இடத்தில் வைத்தால் 50 வருடத்துக்கு மேல் அதே இடத்தில் பூக்கும். எங்கள் பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா, வீட்டை விற்றுவிட்டுப் போகும் முன் தன் பியோனியில் ஒரு துண்டை வெட்டி ஒரு பையில் போட்டுத் தந்தார். அவர் மாமியாரின் வளவில் இருந்து வந்த கன்று அது. இப்போது எங்கள் வீட்டு முன்படியோரம் நிற்கிறது.

இந்தச் செடியை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வைக்க முடியாது. நீண்ட குளிர் கிடைத்தால்தான் அடுத்த வருடத்து முளை எழும்பிப் பூக்கும். நாம் எல்லாரும் திட்டித் தீர்க்கிற அந்த நாலு மாதம் இதற்குத் தேவை.

இடம்: நிழலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ரொறொன்ரோ இருப்பது ஏறத்தாழ வடக்கு 43.7 பாகையில். ஜூன் 21 நடுப்பகலில் சூரியன் 70 பாகை உயரத்தில் நிற்கும், டிசம்பர் 21 இல் வெறும் 23 பாகை. அதனால் 4 மீட்டர் உயர்ந்த சீடரின் நடுப்பகல் நிழல் ஜூனில் ஒன்றரை மீட்டர்தான் விழும், டிசம்பரில் ஒன்பதரை மீட்டர் வரை நீளும், செப்டெம்பர் 21 வாக்கில் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலையும் மாலையும் இன்னும் நீளம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் பாகலும் இல்லாமல் இருக்காது. தெற்கு வேலியோரம் சீடர் வரிசை வைத்தால், நட்ட வருடம் ஒன்றும் தெரியாது, ஏழு எட்டு வருடத்தில் பாத்தியின் முன்வரிசை கத்தரி காய்ப்பதை நிறுத்தும். பியோனிக்கும் நாளுக்குக் குறைந்தது ஆறு மணித்தியாலம் நேர் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் இலை மட்டும் தளதளவென்று வரும், பூ வராது. ஆகவே வளவின் வடக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ சீடருக்கு நல்ல இடம். மேற்கில் வைத்தால் மாலை வெயில் குறையும், ஆனால் ஜூலையில் முற்றத்தில் இருந்து தேநீர் குடிக்கலாம். வடக்கில் வைத்தால் நிழல் பக்கத்து வீட்டு வளவில் விழும், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்களும் தக்காளி வைத்திருப்பார்கள்.

கேட்கும்போதே எல்லைக்கோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோ சட்டத்தில் எல்லைக்கோட்டின் மேல் அடிமரம் நிற்கிற மரம் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்து, ஒருவர் தன் பாட்டுக்கு வெட்ட முடியாது. சீடர் ஒரு மீட்டர் அகலம் வரும் என்பதால் எல்லையில் இருந்து குறைந்தது 75 சென்டிமீட்டர் உள்ளே நடுங்கள், ஒரு மீட்டர் விட்டால் இன்னும் நல்லது, பின்பக்கம் போய் வெட்டவும் வழி இருக்கும். பியோனி நடுவதற்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

வேறு மூன்று இடங்களில் சீடர் வைக்க வேண்டாம். வீட்டுக் கூரையின் ஓரத்துக்கு நேர் கீழே மழை விழாது, அங்கே வாசலின் இரண்டு பக்கமும் காவலாளி மாதிரி வைத்த சீடர்கள் காய்ந்து நிற்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். தெருவோரம், டிரைவ்வே ஓரம் உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடமும் கூடாது, உப்பு சீடருக்கு ஆகாது. மூன்றாவது, ஸ்காபரோவின் கிழக்கோரத்து ரூஜ் பூங்காப் பக்கம் மான் வந்துபோகும் வளவுகள். மாரி காலத்தில், அதாவது இங்கத்தைய குளிர்காலத்தில், வேறு தீனி இல்லாதபோது மான் சீடரைக் கீழிருந்து தலை எட்டும் உயரம் வரை மொட்டையடித்துவிடும், கீழே முயலும் கடிக்கும். பியோனியை மானும் முயலும் பொதுவாகத் தொடுவதில்லை, அந்தப் பக்கத்தில் வீடு என்றால் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, பியோனிதான்.

தண்ணீர் தேங்குகிறதா என்பதை இரண்டுக்கும் பார்க்க வேண்டும். ஸ்காபரோ, மார்க்கம் புது வீடுகளில் மேலே ஒரு சாண் மண்ணும் கீழே இறுகிய களியும்தான் இருக்கும். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அடுத்த நாள் காலையும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் பியோனியின் கிழங்கு அழுகும், சீடரின் வேருக்கு மூச்சு முட்டும். மண்ணை மேடாக்கி நடுங்கள், இல்லாவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

அப்புறம் தோண்டும் முன் ஒன்ராறியோ ஒன் கால் சேவைக்குச் சொல்ல வேண்டும். ஒரேயொரு கன்றுக்குக் குழி என்றாலும் சட்டப்படி கட்டாயம், வீட்டுக்காரருக்குச் செலவில்லை, ஐந்து வேலைநாட்களாவது முன்கூட்டிக் கேளுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று நிலத்தில் நிறக்கோடு போட்டுத் தருவார்கள். வேலியோரம்தான் பல வீடுகளில் இந்தக் கம்பிகள் போகும், சீடர் நடுவதும் அங்கேதான்.

சீடர் நடுவது, அதைவிட முக்கியமாகத் தண்ணீர் விடுவது

நடுவதற்கு நல்ல காலம் ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது ஓகஸ்ட் கடைசியில் இருந்து செப்டெம்பர் கடைசி வரை. ஜூலை வெக்கையில் நட வேண்டாம். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு மலிவு விலைக்கு வரும், ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வேர் பிடிக்க நாள் போதாது.

10 மீட்டர் வேலிக்கு 75 சென்டிமீட்டர் இடைவெளியில் 13 அல்லது 14 கன்று போகும். நெருக்கி நட்டால் முதல் வருடமே சுவர் மாதிரித் தெரியும், பிறகு தண்ணீருக்கு ஒன்றோடொன்று போட்டி போட்டு நடுவில் ஒன்று சாகும், வரிசையின் நடுவில் செத்த சீடரை எடுத்து அதே உயரத்தில் இன்னொன்றை வைப்பது பெரிய செலவு. உயரமான கன்றுகளை விட இடுப்பளவு, நெஞ்சளவுக் கன்றுகள் சீக்கிரம் வேர் பிடிக்கும் என்பது என் அனுபவம், காசும் மிச்சம்.

குழியின் அகலம் வேர்க்கட்டியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டும், அதற்குமேல் ஒரு விரல்கூட வேண்டாம். அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண் மட்டத்தில் தெரிய வேண்டும். சாக்கைக் கட்டியிருக்கும் கயிற்றை வெட்டி எடுங்கள், முக்கியமாக அடிமரத்தைச் சுற்றியிருப்பதை, நைலோன் கயிறு என்றால் அது மண்ணில் உக்காது, மரம் தடிக்கத் தடிக்கக் கழுத்தை நெரிக்கும். சாக்கின் மேல்பாதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியை அப்படியே விடலாம். சட்டியில் வந்த கன்று என்றால் சுற்றிச் சுற்றி ஓடும் வேரை நாலு இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். கடையில் வாங்கிய நல்ல கறுப்பு மண்ணைக் குழிக்குள் நிரப்பினால், சுற்றியுள்ள களிக்குள் அந்தக் குழி தண்ணீர்ச் சட்டி மாதிரி ஆகிவிடும், வேரும் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். மேலே மரச்சிராய் மல்ச் 5 முதல் 8 சென்டிமீட்டர் பரப்புங்கள், அடிமரத்தோடு முட்டாமல் ஒரு கை அகலம் விட்டு. பசளை முதல் வருடம் தேவையில்லை.

இப்போது தண்ணீர். எங்கள் வீட்டில் 12 சீடர் ஜூன் தொடக்கத்தில் நட்டோம், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் குழாயைப் பிடித்துத் தினமும் தண்ணீர், ஒரு இலை வாடவில்லை. செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியது, குளிர் வந்துவிட்டது, இனி என்ன தண்ணீர் என்று நிறுத்திவிட்டோம். மாரி முழுக்கப் பச்சையாகவே நின்றன. ஏப்ரல் தொடங்க 5 கன்றில் மேற்குப் பக்கம் முழுவதும் துருப்பிடித்த நிறம். குளிர் கொன்றுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அவற்றை வாட்டியது தாகம். எமரால்ட் மைனஸ் 30 பாகையையும் தாங்கும். ஆனால் இலையை உதிர்க்காத மரம் மாரியிலும் காற்றுக்கும் வெயிலுக்கும் இலை வழியாகத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும், கீழே மண் உறைந்திருப்பதால் வேரால் ஒரு சொட்டும் எடுத்துக் கொடுக்க முடியாது. இலையில் முன்பே இருக்கிற தண்ணீர்தான் அதன் மாரிக் கையிருப்பு, அந்தக் கையிருப்பை நிரப்புவது ஒக்டோபரும் நவம்பரும்.

ஆகவே நட்ட முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பெரிய வாளித் தண்ணீர் மெதுவாக அடியில் இறங்க வேண்டும். மேலே இலையில் தெளிப்பது கண்ணுக்குக் குளிர்ச்சி, வேருக்கு ஒன்றுமில்லை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், இரண்டாம் கணு வரை ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். செப்டெம்பருக்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை, நிலம் உறையும் வரை நிறுத்தாதீர்கள். வெளிக்குழாயை உள்ளே பூட்டும் நாளை முடிந்த அளவு தள்ளிப் போடுங்கள், பூட்டிவிட்டால் வாளியில் கொண்டு போய் ஊற்றுங்கள். இதை இரண்டு வருடம் செய்ய வேண்டும், மூன்றாம் வருடத்தில் இருந்து மழை இல்லாத கிழமைகளில் மட்டும் போதும்.

முதல் மாரியில் காற்று அடிக்கும் பக்கம் நாலு தடி நட்டுச் சணல் சாக்கால் ஒரு மறைப்புக் கட்டலாம், இலையைத் தொடாமல். பிளாஸ்டிக்கால் சுற்றவே வேண்டாம், வெயிலில் உள்ளே வெந்துவிடும். ஈரமான கனத்த ஸ்னோ விழுந்தால் பல தண்டாகப் பிரிந்த சீடர் நடுவில் வாயைப் பிளந்துகொள்ளும், அதற்கு நவம்பரிலேயே மெத்தென்ற கயிற்றால் தளர்வாக ஒரு சுற்றுக் கட்டிவிடுங்கள். விழுந்த ஸ்னோவைத் தும்புத்தடியால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். உறைந்து ஐஸாகிவிட்டால் தொடாதீர்கள், கொப்பு முறியும்.

வெட்டுவது ஜூன் கடைசியில், புதுத்துளிர் முடிந்த பிறகு, நுனியை மட்டும். கீழ்ப்பக்கம் மேலைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கீழ் இலைக்கு வெளிச்சம் இல்லாமல் உதிர்ந்து கால் தெரியும். உயரத்தையும் நீங்கள் விரும்பிய அளவுக்கு வந்த வருடமே நிறுத்துங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு பத்து வருடம் கழித்துப் பாதியாகத் தறிக்க முடியாது.

பியோனி நடுவது

பியோனியை மேயில் பூத்திருக்கும்போது வாங்குவதை விட செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ வேர்த்துண்டாக நடுவது நல்லது. ஒரு துண்டில் மூன்று முதல் ஐந்து முளைக்கண் இருக்க வேண்டும், இஞ்சிக் கண் மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்தக் கண் மண் மட்டத்தில் இருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது. இந்த ஒரு அளவில்தான் பலருக்குப் பிழைக்கிறது. எத்தனையோ வருடமாக இலை வருகிறது பூ வரவில்லை என்று சொல்கிறவர்களின் வீட்டில் போய் மண்ணைக் கிளறிப் பார்த்தால் கண் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும், அல்லது வருடா வருடம் மேலே மல்ச்சைக் கொட்டிக் கொட்டி அவர்களே ஆழமாக்கியிருப்பார்கள். புல்லுக்குப் போடும் பசளை விசிறினாலும் இலைதான் வளரும்.

நட்ட முதல் வருடம் பூவை எதிர்பார்க்காதீர்கள், இரண்டாம் வருடம் ஒன்றோ இரண்டோ, மூன்றாம் வருடம்தான் செடி தன் சுயரூபத்தைக் காட்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது கஷ்டம். ஆனால் பொறுக்கும் காலத்தில் வேலை என்று பார்த்தால் காய்ந்த கிழமைகளில் ஒரு தண்ணீர், அவ்வளவுதான்.

ரொறொன்ரோப் பக்கம் மே கடைசியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதி தாண்டும் வரை பூக்கும். ஒரு செடியில் பூ ஒரு கிழமை, பத்து நாள். முந்திப் பூப்பது, நடுவில் பூப்பது, பிந்திப் பூப்பது என்று மூன்று வகை வைத்தால் ஒரு மாதத்துக்கு இழுக்கலாம். சாரா பெர்னார்ட் என்ற இளஞ்சிவப்பு 1906 இல் வந்தது, இன்றும் நிறைய விற்கிறது, பூ அவ்வளவு பெரிது, ஒரு மழை பெய்தால் தலை நிலத்தில். அடுக்குப் பூ எது வாங்கினாலும் ஏப்ரல் கடைசியில், முளை ஒரு சாண் இருக்கும்போதே கம்பி வளையத்தைச் சுற்றி ஊன்றிவிடுங்கள், பூத்த பிறகு கட்டினால் வைக்கோல் கட்டு மாதிரித்தான் இருக்கும். எனக்குப் பிடித்தது ஃபெஸ்டிவா மாக்ஸிமா. வெள்ளை, நடு இதழில் குங்குமம் தெறித்த மாதிரிச் சிவப்புப் புள்ளி, 1851 இல் இருந்து உலகம் முழுக்க வளர்க்கிறார்கள், வாசனை வாசல் தாண்டி வரும். ஒற்றை இதழ் வகைகள் மழைக்கு விழாது, தேனீக்களும் அதற்குத்தான் வரும். எதை வாங்குவது என்று தெரியாதவர்கள் ஜூனில் ஒஷாவாவுக்குப் போய்ப் பாருங்கள், அங்குள்ள தாவரப் பூங்காவில் 300 வகைக்கு மேல் நிற்கின்றன. படத்தைப் பார்த்து வாங்குவதும் முகர்ந்து பார்த்து வாங்குவதும் வேறு வேறு.

மொட்டில் எறும்பு ஏறும். மருந்து அடிக்காதீர்கள், மொட்டின் வெளியே கசியும் தேனுக்கு அவை வருகின்றன, செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. சுவாமி அறைக்கு வெட்டுவதானால் மொட்டை விரலால் அமத்திப் பாருங்கள், மெத்தென்று இருக்கும் பதத்தில் காலையில் வெட்டி, எறும்பை உதறிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள், ஒரு கிழமை நிற்கும். ஜூனில் அம்மா கடையில் பூ வாங்கச் சொல்வதே இல்லை. ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், தண்டில் இரண்டு இலையாவது விட்டு வெட்டுங்கள், அந்த இலைதான் அடுத்த வருடத்துப் பூவைச் சமைக்கிறது.

பூ முடிந்ததும் காய்ந்த தலைகளைக் கிள்ளுங்கள். ஓகஸ்டில் இலையில் வெள்ளைப் பொடி மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும், பார்க்க அசிங்கம்தான், செடி சாகாது. ஒக்டோபரில் நிலத்தோடு வெட்டி, அந்தக் குப்பையை உரக்குழிக்குள் போடாமல் பையில் கட்டி வெளியே போடுங்கள், நோய் இலையில்தான் மாரியைக் கழிக்கும்.

பழுப்பு நிறம் கண்டால்

பியோனி பழுத்தால் பயமில்லை, எப்படியும் வெட்டப் போகிறோம். சீடர் பழுத்தால் எங்கே பழுத்தது என்று பார்க்க வேண்டும். செப்டெம்பர், ஒக்டோபரில் உள்பக்கத்து இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது பழைய இலை, எல்லாச் சீடருக்கும் நடக்கும். வசந்தத்தில் ஒரு பக்கம் மட்டும், காற்றும் வெயிலும் படும் பக்கம் பழுத்தால் மாரித் தாகம். தெருப்பக்கம் மட்டும் என்றால் உப்பு. வெளிநுனிகள் மட்டும் வெளிறிப் பழுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெறுமையாகத் தெரிந்தால் இலைக்குள் குடையும் புழு, ஜூனுக்கு முன் அந்த நுனிகளை வெட்டிக் கட்டிப் போடுங்கள். ஜூலை வெக்கையில் முழு மரமும் தூசி படிந்த மாதிரி மங்கினால் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொப்பைத் தட்டுங்கள், புள்ளிகள் ஊர்ந்தால் சிலந்திப் பேன், குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினாலே பெரும்பாலும் குறையும்.

பழுத்த கொப்பை உடனே வெட்ட வேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்து உள்ளே பச்சை இருந்தால் ஜூன் நடு வரை பொறுங்கள், நுனி மொட்டு உயிரோடு இருந்தால் துளிர்க்கும். எங்கள் 5 கன்றில் 2 அப்படித்தான் பிழைத்தது.

இரண்டையும் சேர்த்து வைப்பதானால்

பியோனியின் பூவுக்குப் பின்னால் கரும்பச்சைச் சீடர் சுவர் நிற்பதைப் போல அழகு வேறு இல்லை என்று நான் நினைக்கிறேன், வெள்ளைப் பூ என்றால் இன்னும். ஆனால் சீடரின் வேர் ஆழமாகப் போகாது, மேலேயே வலை மாதிரிப் பரவித் தண்ணீரை எடுத்துவிடும். அடிமரத்தில் இருந்து குறைந்தது ஒன்றேகால் மீட்டர் தள்ளி, சீடருக்குத் தெற்குப் பக்கம் பியோனியை வையுங்கள். பியோனிக்காக மண்ணைக் கிளறுவதும் பிரித்து நடுவதும் சீடர் வேரைத் தொடாத தூரத்தில் நடக்க வேண்டும் என்பதற்கும் இந்த இடைவெளி.

கையில் காசு ஒரு பக்கத்துக்குத்தான் போதும் என்றால் முதலில் சீடரை வையுங்கள், மறைப்பு தேவைப்படும் அளவுக்கு மட்டும். முழு வேலிக்கும் வேண்டியதில்லை, யன்னலுக்கு நேரே நாலு ஐந்து கன்று போதுமான வீடுகள்தான் அதிகம். சீடருக்கு வருடங்கள் வேண்டும், பிந்தினால் பிந்தினதுதான். பியோனியை யாராவது ஒருவர் வீட்டுச் செடியில் இருந்து காசில்லாமல் வாங்கலாம், பத்து வருடச் செடியைப் பிரித்தால் நாலு வீட்டுக்குக் காணும். வாடகை வீடு, அல்லது ஐந்து வருடத்தில் விற்றுவிட்டுப் போகப் போகிறோம் என்பவர்கள் பியோனியோடு நின்றுகொள்ளுங்கள், போகும்போது செப்டெம்பரில் தோண்டி ஒரு துண்டைக் கையோடு கொண்டு போகலாம். அன்றாடம் தண்ணீர் விட ஆள் இல்லாத வீட்டில், கோடை விடுமுறைக்கு ஒன்றரை மாதம் ஊருக்குப் போகிற வருடத்தில், சீடர் நடவே வேண்டாம். அடுத்த வருடம் நடுங்கள்.

இந்த வருடமே செய்கிறோம் என்றால் என் ஒழுங்கு இப்படி: ஓகஸ்ட் நடுவில் ஒன் காலுக்குச் சொல்லிக் கோடு போட்டு எடுங்கள், செப்டெம்பர் முதல் கிழமை சீடரை நடுங்கள், அதே நாள் பியோனி வரப்போகும் இடங்களில் குழி தோண்டி உக்கிய எருவைக் கலந்து மண் அமர விட்டுவிடுங்கள், ஒக்டோபர் முதல் வாரம் பியோனி வேரை 5 சென்டிமீட்டருக்குள் வைத்து மூடி, பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றுங்கள், இல்லாவிட்டால் ஏப்ரலில் அந்த இடத்திலேயே வேறு எதையாவது நட்டுவிடுவீர்கள். பிறகு நவம்பர் கடைசி வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சீடருக்கு ஒரு வாளி.